பழைய ஜீப்பும் ஒரு பெட்டி ஸ்பேனரும்

ஜீப் என்றதும் நம் ஊரில் பலருக்கு போலீஸ்காரரும் தாசில்தாரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இன்னும் சிலருக்குத் தேர்தல் நேரத்தில் மைக் கட்டிக்கொண்டு வரும் பிரச்சார வண்டி. சினிமா ரசிகர்களுக்கு வில்லனின் அடியாட்கள் தொங்கிக்கொண்டு வரும் திறந்த ஜீப். ஆனால் இந்த வண்டிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. ராணுவம் கழித்துக்கட்டிய வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டகையிலும் போட்டுப் பிரித்து, மறுபடியும் ஓட வைத்த சாதாரண மனிதர்களின் சரித்திரம் அது.

1945-ல் இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் தயாரிக்கப்பட்டிருந்தன. போருக்காகச் செய்யப்பட்ட எத்தனையோ சாமான்கள் பிறகு காயலான் கடைக்குப் போய்விட்டன. ஜீப் மட்டும் ஏன் போகவில்லை? அதற்கான பதில் அந்த வண்டி பிறந்த விதத்தில் இருக்கிறது.

49 நாளில் பிறந்த வண்டி

1940 ஜூன் மாதம் ஹிட்லரின் படையிடம் பிரான்ஸ் வீழ்ந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. ஆனாலும் எப்படியும் இறங்க வேண்டியிருக்கும் என்று அதன் ராணுவத்துக்குத் தெரிந்துவிட்டது. உளவு பார்க்கவும் செய்தி கொண்டு போகவும் நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சின்ன வண்டி உடனே தேவைப்பட்டது. ஜூலையில் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போனது. மாதிரி வண்டியை 49 நாளில் கொடுக்க வேண்டும், எடை சுமார் 590 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனைகள். 135 பேரில் அக்கறையாகப் பதில் சொன்னவை இரண்டே கம்பெனிகள். அதிலும் 49 நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் திவாலாகும் நிலையில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி மட்டும்தான்.

பாண்டமிடம் சொந்தமாக டிசைன் இன்ஜினியர் கூட இல்லை. வெளியிலிருந்து கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவரை வரவழைத்தார்கள். அவர் இரண்டே நாளில் வரைபடத்தை முடித்தார். புதிதாக எல்லாவற்றையும் செய்ய நேரம் இல்லை. எனவே சந்தையில் ஏற்கனவே கிடைத்த ஆக்ஸில், கியர்பாக்ஸ், எஞ்சின் ஆகியவற்றைத் தேடிப் பிடித்து ஒன்றாகக் கோத்தார்கள். 1940 செப்டம்பர் 23 மாலை, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, அந்த வண்டி மேரிலாண்டில் உள்ள ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்குத் தானே ஓடிப்போய்ச் சேர்ந்தது. எடை நிபந்தனையைத் தாண்டிவிட்டதுதான். ஆனாலும் சோதனை செய்தவர்களுக்கு அதைப் பிடித்துப் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது பாண்டமுக்கு வருத்தமான கதை. இவ்வளவு சின்னக் கம்பெனியால் தேவையான எண்ணிக்கையில் வண்டி செய்ய முடியாது என்று நினைத்த ராணுவம், அதன் வரைபடங்களை வில்லிஸ் ஓவர்லாண்டுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. வில்லிஸிடம் 60 குதிரைத்திறன் கொண்ட நல்ல எஞ்சின் இருந்தது. 1941-ல் பெரிய ஆர்டர் அவர்களுக்கே போனது. வில்லிஸ் வரைபடத்தின்படியே ஃபோர்டும் செய்து கொடுத்தது. பாண்டம் ஏறக்குறைய 2,700 வண்டி செய்ததோடு சரி. பிறகு ஜீப்பின் பின்னால் மாட்டும் டிரெய்லர் செய்து காலம் தள்ளியது.

சிப்பாயே மெக்கானிக்

வில்லிஸ் ஜீப்பையும் ஃபோர்டு ஜீப்பையும் தயாரித்ததில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்று ராணுவம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. போர்முனையில் கம்பெனி பார்த்து உதிரிபாகம் தேட முடியாது அல்லவா? குண்டடிபட்ட மூன்று வண்டியிலிருந்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட முடிந்தது. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தது. இன்றைக்கு ஒரு பழைய ஜீப்பைப் பிரித்தால், வில்லிஸ் சேஸிஸில் ஃபோர்டு முத்திரை பதித்த போல்ட்டுகளைப் பார்க்கலாம். பல கைகள் பட்டுப் பிழைத்த வண்டி என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்தது, யார் பழுது பார்ப்பது என்ற கேள்வி. அமெரிக்க ராணுவம் பராமரிப்பு வேலையை ஐந்து படிகளாகப் பிரித்தது. எண்ணெய், தண்ணீர், டயர் காற்று, தளர்ந்த நட்டு ஆகியவற்றைப் பார்ப்பது முதல் படி. அது டிரைவரின் வேலை. கடைசிப் படியில்தான் பெரிய பட்டறை. 1944-ல் வெளியான ஜீப்பின் அதிகாரபூர்வக் கையேடு, எதை எந்த வரிசையில் கழற்றுவது, எந்த இடத்தில் எவ்வளவு கிரீஸ் வைப்பது என்று படம் போட்டு விளக்கியது. படிக்கச் சலிப்பாக இருக்கும் என்பதற்காக ஆர்மி மோட்டார்ஸ் என்ற ராணுவப் பத்திரிகையில் கார்ட்டூன் வேறு போட்டார்கள். வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர். பராமரிப்பு தெரியாமல் எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு சிப்பாய்தான் அதில் நகைச்சுவைப் பாத்திரம்!

நேற்றுவரை வயலில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன், இருட்டிலும் சேற்றிலும், கைப்பையில் அடங்கும் ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு சரிசெய்யக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டியிருந்தது. அவன் சரிசெய்ய முடிந்த வண்டியை ஒரு விவசாயியாலும் சரிசெய்ய முடியும். போர் முடிந்த பிறகு உலகம் கண்டுகொண்டது இதைத்தான்.

ஐம்பது டாலர் ஜீப்

போருக்குப் பின் அமெரிக்க அரசு, உபரியாகிப்போன ராணுவச் சாமான்களை ஏலத்தில் விட்டது. அப்போது கிளம்பிய ஒரு வதந்தி பல பத்தாண்டுகள் ஓய்வில்லாமல் ஓடியது. பெட்டியில் அடைத்த புத்தம்புது ஜீப்பை ராணுவம் 50 டாலருக்குக் கொடுக்கிறது என்பதுதான் அது. பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது ஜீப் அல்ல, ராணுவ ஏலங்களில் எப்படிக் கலந்துகொள்வது என்று சொல்லும் துண்டுப் பிரசுரம்! 1941-ல் ராணுவமே ஒரு ஜீப்புக்கு எழுநூறு டாலருக்கு மேல் கொடுத்தது என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

உண்மையில் ஏலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் அடிபட்டு, மழையில் நனைந்து, மாதக்கணக்கில் கேட்பாரற்று நின்ற வண்டிகள். அப்படி ஒன்றை வீட்டுக்கு இழுத்து வந்தவர்களுக்கு என்ன வேலை காத்திருந்தது?

முதலில் எஞ்சின். நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ ஊற்றிச் சில நாள் ஊற விடுவார்கள். பிறகு முன்பக்கத் துவாரத்தில் கிராங்க் ஹேண்டிலை மாட்டி முன்னும் பின்னுமாக மெதுவாக அசைப்பார்கள். அவசரப்பட்டால் ஏதாவது உடையும். பொறுமையாக இருந்தால் பல நேரம் விட்டுக்கொடுத்துவிடும். வில்லிஸ் எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருக்கும். மேலே உள்ள ஹெட் வெறும் மூடி மாதிரிதான். அதைக் கழற்றிவிட்டால் பிஸ்டனும் வால்வும் கண்ணுக்கு நேரே தெரியும். கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ஒரு குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தயிர் கடைவதுபோல் உருட்டி, வால்வைத் தேய்த்து உட்கார வைத்துவிடலாம். மெஷின் வேண்டியதில்லை.

அடுத்தது பெட்ரோல் டேங்க். ஜீப்பில் அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். உள்ளே துருப்பிடித்திருந்தால் துகள்கள் போய்க் கார்புரேட்டரை அடைத்துவிடும். டேங்கைக் கழற்றி, உள்ளே கூழாங்கல்லோ சங்கிலியோ போட்டுக் குலுக்குவது பழைய வைத்தியம். பிரேக்குக்கு வீல் சிலிண்டர்களின் ரப்பரை மாற்ற வேண்டும். ஸ்டியரிங் ஆடினால், முன்பக்கம் நடுவில் இருக்கும் பெல்கிராங்க் என்ற பாகம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள தாங்கு பட்டைகளில் சேறும் தண்ணீரும் தங்கி, அங்கிருந்துதான் துரு கிளம்பும். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ராணுவ ஜீப்பின் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் வெட்டியிருக்கும். ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இது தெரியாமல் வழக்கம்போல் திருப்பினால், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மேலும் இறுக்கி, கடைசியில் போல்ட்டையே முறித்துவிடுவார்கள். ஒரு ஜீப் பலருக்குப் பாடசாலையாக இருந்தது என்பது இப்படித்தான். அது தவறுக்கு உடனே தண்டனை கொடுத்தது. ஆனால் அந்தத் தண்டனை ஒரு போல்ட்டின் விலையோடு முடிந்தது.

ஒரு பண்ணையில் பிறந்த யோசனை

பழைய ஜீப் இங்கிலாந்தில் ஒரு தொழிலையே உருவாக்கியது. ரோவர் கார் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலைக்குப் பயன்பட்டது ராணுவம் விற்ற பழைய வில்லிஸ் ஜீப். இது தேய்ந்து ஓய்ந்தால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, இன்னொரு ஜீப்தான், வேறு எதுவும் இல்லையே என்பதுதான் பதிலாக இருந்ததாம். அந்த வேறு எதையாவது நாமே செய்தால் என்ன என்று மாரிஸும், கம்பெனியை நிர்வகித்த அவர் அண்ணன் ஸ்பென்சரும் யோசித்தார்கள்.

1947-ல் அவர்கள் செய்த முதல் மாதிரி ஒரு ஜீப்பின் சேஸிஸ் மேல்தான் கட்டப்பட்டது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி ஜீப்பில் இருந்த அதே 80 அங்குலம். போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குக் கடும் பற்றாக்குறை. ஆகவே உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். வளைவுகள் குறைவு, நெளிந்த தகட்டை மரச் சுத்தியலால் தட்டி நேராக்கிவிடலாம். ஆனால் உள்ளே சேஸிஸ் இரும்புதானே! பழைய லேண்ட் ரோவர் வாங்குகிறவர்கள் வெளியே பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் குனிந்து, ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸைக் குத்திப் பார்ப்பது இதனால்தான்.

மணிலாவில் நீண்ட ஜீப்

பிலிப்பைன்ஸில் கதை வேறு மாதிரி போனது. போரில் மணிலா நகரம் தரைமட்டமானது. டிராம்கள் அழிந்துவிட்டன. பஸ் இல்லை. அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை உள்ளூர்க்காரர்கள் வாங்கி, பின்பக்கத்தை நீட்டி, கூரை போட்டு, எதிரெதிராக இரண்டு பெஞ்சு வைத்து, ஷேர் வண்டியாக ஓட்டத் தொடங்கினார்கள். ஜீப்னி பிறந்தது இப்படித்தான். குதிரை வண்டி ஓட்டியாகவும் மெக்கானிக்காகவும் இருந்த லியோனார்டோ சராவ் 1953-ல் தொடங்கிய பட்டறை, பிற்காலத்தில் ஜீப்னி செய்வதில் நாட்டிலேயே பேர் வாங்கியது. குடிசைத் தொழிலாகச் செய்த பழுதுவேலை ஒரு நாட்டின் பொதுப் போக்குவரத்தாகவே மாறிவிட்டது!

இந்தியாவுக்கு வந்த ஜீப்

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சையும் பழைய ஜீப்பைப் பற்றியதுதான் என்பது ஒரு விசித்திரம். காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்த 1948-ல், லண்டனில் இந்திய ஹை கமிஷனராக இருந்த வி.கே.கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறையைத் தாண்டி, பழுதுபார்த்துப் புதுப்பித்த ராணுவ ஜீப்புகளுக்கு ஒப்பந்தம் போட்டார். மதிப்பு சுமார் 80 லட்ச ரூபாய் என்று சொல்லப்படுகிறது. கப்பலில் வந்து இறங்கிய 155 ஜீப்புகளும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ராணுவம் தள்ளிவிட்டது. நாடாளுமன்றத்தில் புயல் கிளம்பியது. 1955-ல் அரசு அந்த விவகாரத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மறு ஆண்டே மேனன் மந்திரி ஆனார்.

இந்த விவகாரத்தில் ஒரு பாடம் உண்டு. தன் கையால் பழுது பார்க்கிறவன் எஞ்சினைத் திறந்து பார்க்காமல் வாங்க மாட்டான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது, 'புதுப்பிக்கப்பட்டது' என்பது வெறும் வார்த்தை.

இதற்கிடையே பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியிருந்தது. பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. போனட் உயரமான சிஜே-3பி என்ற மாடல் அமெரிக்காவில் 1960களோடு நின்றுபோனது. இந்தியாவில் அதன் வாரிசுகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் புதிதாக வந்துகொண்டே இருந்தன. இடது பக்கம் சாலையில் போகும் நாட்டில், இடது பக்கமே ஸ்டியரிங் வைத்த ஜீப்புகள் வெகுகாலம் ஓடியதற்கும் அந்த அமெரிக்க மூலம்தான் காரணம்.

பெட்ரோல் விலை ஏறியதும் ஜீப்புகளுக்கு இருதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். ஜீப்பின் அமைப்பு எளிமையானது என்பதால் ஊர்ப் பட்டறைக்காரர்களே எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி ஒட்டி இதைச் செய்தார்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலியில், ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்புகளைப் புதுப்பித்து விற்பது ஒரு பெரிய சந்தையாகவே வளர்ந்தது. மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபு சிகரத்துக்கு, 1950களின் லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை அவை. உதிரிபாகம் கிடைக்காதபோது பல வண்டிகளில் மஹிந்திரா டீசல் எஞ்சின் ஏறியது. தமிழ்நாட்டிலும் தேனிப் பக்கத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டு போனதும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்பாதையில் ஏறுவதும் ஜீப்தான். அங்கெல்லாம் ஷோரூமில் வாங்கியபடியே இருக்கும் ஜீப்பைப் பார்ப்பது அபூர்வம்.

பூட்டப்பட்ட போனட்

பழைய ஜீப்பைப் புகழ்ந்து மட்டும் பேசினால் அது நியாயம் ஆகாது. அதில் சீட் பெல்ட் கிடையாது. வேகமாகத் திருப்பினால் கவிழும். டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது. பெட்ரோலை அள்ளிக் குடிக்கும், புகை கக்கும். வீட்டில் செய்த வெல்டிங் நடுரோட்டில் விட்டுப்போனால் போவது ஓட்டுகிறவன் உயிர் மட்டும் அல்ல. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. 2021-ல் வந்த விதிகள், 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்ய வழி வைத்தன. ஆனால் தினமும் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி மாதிரியான விசேஷங்களுக்கு மட்டும்தான். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக உறுப்பு உறுப்பாக மாற்றப்பட்ட மலையோர ஜீப்புகளுக்கு அந்தக் கதவு திறக்காது.

இன்றைய வண்டிகள் பாதுகாப்பானவை, சுத்தமானவை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழுது என்ன என்று தெரிந்துகொள்ளக்கூடக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் வேண்டும். பாதுகாப்பு வேறு, பூட்டி வைப்பது வேறு. இந்த வித்தியாசத்தைக் கேட்டுத்தான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள், வெளிப் பட்டறைகளுக்கும் பழுது விவரங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2012-ல் ஓட்டுப் போட்டார்கள். இந்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கான கொள்கையை உருவாக்க 2022-ல் ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் உண்டு.

80 ஆண்டுக்கு முன் ஒரு ராணுவம் தன் அவசரத்துக்காக, வண்டியை வைத்திருப்பவனே அதைத் திறக்க முடிய வேண்டும் என்று முடிவு செய்தது. தர்மம் செய்யும் எண்ணம் அதற்கு இல்லை. போரில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவின் பலனை மணிலாவின் டிரைவர்களும் வேல்ஸின் பண்ணைக்காரர்களும் நம் மலையோரத்து மெக்கானிக்குகளும் மூன்று தலைமுறைக்கு அனுபவித்தார்கள். துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ஜீப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கிறார் என்றால், விலை மலிவு என்பது மட்டும் காரணம் அல்ல. கழற்றினால் உள்ளே இருப்பது புரியும், புரிந்தால் சரிசெய்யலாம். இப்போது வாங்கும் வண்டியில் 2060-ல் எத்தனை வண்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும்? வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்பதோடு, இதைத் திறக்க யாருக்கு அனுமதி என்றும் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.